வெதுவெதுப்பான பச்சைத்தண்ணீர்

எங்கள் வீட்டு மாடிக் குளியலறையில் குழாயைத் திறந்தால் வெந்நீர் வர இரண்டு நிமிடம் நாற்பது நொடி ஆகும். உத்தேசமாகச் சொல்லவில்லை. ஐந்து நாள், காலை ஆறு மணிக்கு, அப்பா எழுவதற்கு முன்பே எழுந்து, கைப்பேசியில் நொடி ஓடவிட்டு, அடியில் வாளி வைத்து அளந்தேன். ஒரு வாளி நிறைந்து, இரண்டாவது வாளியில் நான்கு விரற்கடை ஏறிய பிறகுதான் சூடு தெரிந்தது. ஐந்து நாளும் ஏறக்குறைய ஒரே அளவு வந்ததால், எனக்கு அளக்கத் தெரியவில்லையோ என்று ஆறாவது நாளும் அளந்தேன்.

இதனால்தான் வீட்டில் என்னை நோட்டு என்று கூப்பிடுகிறார்கள். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். வாரத்தில் மூன்று நாள் மாலையில் குழாய்வேலை வகுப்புக்குப் போகிறேன். வகுப்பில் சொன்னது, கடையில் பார்த்தது, வீட்டில் அளந்தது எல்லாமே நோட்டில் ஏறும். எழுதியதில் பாதியை மறுநாள் நானே அடித்துவிடுவேன். வகுப்பில் சேரச் சொன்னவள் அண்ணி. விண்ணப்பத்தை நான் மூன்று நாள் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபோது, அதைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தவளும் அவள்தான்.

வெந்நீர் தாமதமாவதற்குக் காரணம் எளிது. ஹீட்டர் கீழே, அடுக்களைக்குப் பின்னால், துணி துவைக்கும் இடத்தில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் குழாய் வீட்டைப் பாதி சுற்றிச் சுவருக்குள் ஏறி மாடிக்கு வருகிறது. அதில் இரவெல்லாம் நின்று ஆறிப்போன தண்ணீர் முழுவதும் வெளியே போனால்தான் பின்னாலிருக்கும் வெந்நீருக்கு வழி கிடைக்கும். நான் இந்தப் பொறுமை இல்லாமல் கீழ்க் குளியலறையில்தான் குளிப்பேன். மாடிக் குளியலறை கிட்டத்தட்ட அப்பாவுக்கு மட்டும்தான்.

அப்பா முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். இப்போது காலையில் அவருடைய விரல்கள் மடங்காது. எழுந்தவுடன் வெந்நீரில் கையை வைத்திருந்தால் கால்மணி நேரத்தில் இளகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் இரண்டு நிமிடம் நாற்பது நொடி நல்ல தண்ணீர் சாக்கடைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அப்பாவால் முடியாது. வருகிற தண்ணீரிலேயே கையை நனைத்துவிட்டு இறங்கிவிடுவார். போன மாதம் ஒருநாள் அப்படி இறங்கும்போது படிக்கம்பி பிடி நழுவி இரண்டு படி சறுக்கினார். எலும்புக்கு ஒன்றுமில்லை. இடுப்பில் ஒரு கறுப்புத் திட்டு மட்டும் பதினைந்து நாள் இருந்தது.

அந்தத் திட்டு மறைவதற்குள் அண்ணன் முடிவெடுத்துவிட்டான். அடுக்களையை ஒட்டிய அறைக்கு அப்பாவின் கட்டில் வரவேண்டும். பக்கத்திலேயே கீழ்க் குளியலறை. அங்கே குழாயைத் திறந்தவுடன் வெந்நீர். படியும் இல்லை.

அவன் சொன்னதில் தப்பே கிடையாது. ஆனால் அந்த அறை அண்ணியுடையது. அவள் தையல் பட்டறை வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடமாக அங்கேதான் சொந்தமாகத் தைக்கிறாள். ஜன்னலோரம் மெஷின். பழைய கதவு ஒன்றை இரண்டு முக்காலிமேல் போட்டு வெட்டும் மேசை. பள்ளிச் சீருடை, திரைச்சீலை, பக்கத்துத் தெரு மருத்துவமனைச் செவிலியரின் மேல்கோட்டு என்று வேலை இப்போதுதான் நிற்காமல் வருகிறது. வீட்டில் அவள் கதவைச் சாத்திக்கொள்ளக்கூடிய ஒரே அறையும் அதுதான். மெஷினைக் கூடத்தில் ஒரு மூலையில் போட்டுக்கொள்ளலாம் என்று அண்ணன் சொன்னான். அண்ணி "சரி" என்றாள். அவளுடைய சரிகளில் நான்கு வகை உண்டு. இது நான்காவது வகை.

அப்பாவுக்கும் இறங்கிவர மனமில்லை. மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் பேருந்துகள் பணிமனையிலிருந்து திரும்பும் முனை தெரியும். எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று சொல்லாவிட்டால் அவருக்குப் பொழுது விடியாது. ஆனால் தன்னால் மருமகளுக்குத் தொந்தரவா, மகனுக்குக் கவலையா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அவரும் பேசாமல் இருந்தார்.

பேசியது நான்தான். எனக்கே அது ஆச்சரியம்.

"ஒரு வாரம் குடு அண்ணா. மாடிக்கு வெந்நீர் உடனே வர்ற மாதிரி நான் பண்ணித் தர்றேன். தண்ணியைக் குழாய்க்குள்ளயே சுத்த விடணும், அவ்வளவுதான்."

"தண்ணியைச் சுத்த விடுவியா? நீயே இன்னும் ஊரைச் சுத்தினதில்லையேடி" என்றான் அண்ணன். பிறகு அப்பாவைப் பார்த்துவிட்டு, சரி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரைக்கும் என்று நாள் குறித்தான். பத்து மணிக்குக் கட்டிலைத் தூக்க அவனுடைய நண்பன் வருவான்.

சுத்த விடுவது என்றால் இதுதான். ஹீட்டரின் வாயில் ஒரு சின்னப் பம்ப். மாடியில் கைகழுவும் தொட்டிக்கு அடியில், வெந்நீர்க் குழாயையும் பச்சைத்தண்ணீர்க் குழாயையும் இணைக்கும் ஒரு சின்ன வால்வு. வெந்நீர்க் குழாயில் நிற்கும் ஆறின தண்ணீரைப் பம்ப் தள்ளும். அது வால்வு வழியாகப் பச்சைத்தண்ணீர்க் குழாய்க்குள் போய், அப்படியே கீழே ஹீட்டருக்குத் திரும்பிவிடும். சூடான தண்ணீர் மாடியை எட்டியதும் வால்வு தானாக மூடிக்கொள்ளும். ஒரு சொட்டு வீணாகாது, சுவரையும் உடைக்க வேண்டாம். வகுப்பில் பயிற்சிச் சுவரில் ஒருமுறை செய்து காட்டினார்கள். அன்று என் வேலை ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு நிற்பது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தண்ணீரை நிறுத்தினேன். குழாயை வடித்து, பம்பைப் பொருத்தி, ஒவ்வொரு திருகு மரைக்கும் கசியாதபடி டேப் சுற்றினேன். எத்தனை சுற்று என்பதை எண்ணினேன். மாடியில் வால்வைப் போட்டேன். இணைப்புக்கு இணைப்பு மெல்லிய காகிதத்தை ஒற்றி ஈரம் இருக்கிறதா என்று பார்த்தேன். எங்கேயும் இல்லை. பதினொன்றரை மணிக்குப் பம்பைப் போட்டு, பத்து நிமிடம் பொறுத்து, மாடியில் தொட்டிக் குழாயைத் திறந்தேன்.

ஆறு நொடி.

அண்ணியைக் கூப்பிட்டேன். அவள் கையை நீட்டிவிட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். என் தோளில் ஓர் அடி அடித்துவிட்டுச் சிரித்தாள். ஒரு வாரத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். நோட்டை எடுத்து "6" என்று எழுதினேன். அதற்குள் கீழே அடுக்களையிலிருந்து அண்ணனின் குரல் வந்தது.

"நோட்டு, குடிக்கிற தண்ணி சுடுது. ஃப்ரிட்ஜுக்கும் ஒரு லைன் குடுத்திருக்கியா?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். அடுக்களையில் பச்சைத்தண்ணீர்க் குழாயில் டீ போடும் பதத்தில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம் திறந்துவிட்டேன், மூன்று நிமிடம் திறந்துவிட்டேன். சூடு குறையவே இல்லை.

வகுப்பு ஆசிரியருக்குப் போன் செய்தேன். முதலில் கொஞ்சம் வெதுவெதுப்பாக வருவது சகஜம், உடனே தெளிந்துவிடும், தெளியாவிட்டால் வால்வு மூடவில்லை என்று அர்த்தம் என்றார். எனவே வால்வைக் கழற்றினேன். தலைகீழாகப் போட்டுவிட்டேனோ என்று அதன்மேலிருந்த அம்புக்குறியைப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி அதில் வால்வைப் போட்டு, வாயால் ஊதிப் பார்த்தேன். காற்று போகவில்லை, மூடியிருக்கிறது. குளிர்ந்த நீரில் போட்டு ஊதினேன். போனது. வால்வு நன்றாக இருக்கிறது என்று நோட்டில் எழுதினேன். ஊதத் தெரியாமல் ஊதியிருப்பேன் என்று அதை அடித்தேன். குழாய்ச் சாமான் கடைக்குப் போய் வேறு வால்வு மாற்றிக்கொண்டு வந்து பொருத்தினேன். மறுபடியும் அதே சூடு.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பம்பை நிறுத்திவிட்டுக் கீழே வந்தபோது, அண்ணி நூல்கண்டுகளை அட்டைப்பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மெஷினுக்குப் பழைய போர்வையைப் போர்த்தியிருந்தாள். நாளைக்குப் பத்து மணி என்று யாரும் சொல்லவில்லை. நான் பேனாவை எடுத்துப் பெட்டிகளுக்கு எண் போட ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்த உதவி அதுதான்.

"அண்ணி, நான் வகுப்பை விட்டுடறேன்."

"முதல்ல அந்த ஊசி டப்பாவை விடு. தலைகீழாப் பிடிச்சிருக்கே, கொட்டிடும்."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நூல் சுற்றிய பாபின் டப்பா அடியில் போன ஏழாவது பெட்டிக்கு எண் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. அளப்பதற்கு ஒன்றுமில்லை என்பதால் நோட்டைப் புரட்டினேன். எங்கே தப்பு செய்தேன் என்று முதல் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு வந்தேன். மூன்றாம் நாள் அளவுக்குக் கீழே ஒரு வரி இருந்தது. "மாடியில் பச்சைத்தண்ணீரும் வெதுவெதுப்பு?" அதை நானே அடித்து, பக்கத்தில் "என் கைதான் சூடாக இருந்திருக்கும்" என்று எழுதியிருந்தேன். ஐந்தாம் நாளும் அதே வரி. அதையும் அடித்திருந்தேன். இந்தமுறை காரணம்கூட எழுதவில்லை.

அந்த இரண்டு வரியையும் எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அளக்கவில்லை. மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் வீட்டில் பம்பே கிடையாது. வால்வு அப்போது குழாய்ச் சாமான் கடையில் பெட்டிக்குள் இருந்தது. அப்படியென்றால் வெந்நீர் எங்கேயோ ஏற்கெனவே பச்சைத்தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அப்போது சொட்டுச் சொட்டாகப் போனது. நான் பம்ப் வைத்துத் தள்ளியதும் ஆறாகப் போகிறது.

பம்பைப் போட்டேன். மாடிக்குப் போய்த் தொட்டிக்கு அடியில் என் வால்வுக்குத் தண்ணீர் விடும் இரண்டு சின்னத் திருகுகளையும் இறுக மூடினேன். இனி என் வால்வுக்குள் தண்ணீர் வரவும் முடியாது, போகவும் முடியாது. கீழே வந்து அடுக்களைக் குழாயைத் திறந்தேன். சுட்டது. வாழ்க்கையில் முதல்முறையாகக் கை சுட்டதற்குச் சந்தோஷப்பட்டேன்.

மறுபடியும் மாடி. கையால் குழாய்களைத் தொட்டுக்கொண்டே போனேன். குளியல் பகுதிக்குப் போகும் இரண்டு குழாய்களும் ஒரே சூடாக இருந்தன. அவை போய்ச் சேரும் இடத்தில் சுவரில் பழைய கலப்புக்குழாய் இருக்கிறது. வெந்நீருக்கு ஓர் உருண்டைத் திருகு, பச்சைத்தண்ணீருக்கு ஓர் உருண்டைத் திருகு, இரண்டும் கலந்து கைஷவருக்குப் போகும். ஷவர் கொக்கியில் தொங்கியது. ஒரு சொட்டுகூடச் சொட்டவில்லை. ஆனால் இரண்டு திருகும் திறந்தே இருந்தன. கைஷவரின் கழுத்திலிருந்த பொத்தானை அமுக்கித் தண்ணீரை நிறுத்தியிருந்தார்கள். வெளியே போக வழியில்லாமல், வெந்நீர் அந்தக் கலப்புக்குழாய்க்குள்ளேயே மறுபக்கம் திரும்பிப் பச்சைத்தண்ணீர்க் குழாயில் இறங்கிக்கொண்டிருந்தது.

இரண்டையும் மூடினேன். வெந்நீர்த் திருகு மிகவும் இறுக்கமாக இருந்தது, இரண்டு கையும் போட வேண்டியிருந்தது. ஓடிப்போய் அடுக்களைக் குழாயைத் திறந்து, முழங்கையை நீட்டினேன். ஒரு நிமிடம் கழித்துத் தண்ணீர் சில்லென்று வந்தது. கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். கையை நம்பாதவள் என்பதால் மூன்று முறை வைத்துப் பார்த்தேன். தொட்டியடித் திருகுகளைத் திறந்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். மாடியில் ஆறு நொடியில் வெந்நீர், கீழே சில்லென்று பச்சைத்தண்ணீர். என் இணைப்பு ஒன்றுகூடத் தப்பில்லை. மாடிக்குத் திரும்பிக் குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஈரத் தரை என்பது எழுந்த பிறகுதான் தெரிந்தது.

அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். தோளில் துண்டு.

"ஷவரை மூடிட்டியாம்மா?"

"ஆமாப்பா. யாரோ திறந்தே விட்டிருந்தாங்க. அதனாலதான் எல்லாக் குளறுபடியும்."

அவர் கலப்புக்குழாயைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார்.

"நீ மூடிட்டா, எனக்குத் திறக்க வராதே."

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். படியில் சறுக்கிய வாரத்திலிருந்தே அந்தத் திருகு அவருக்கு வசப்படவில்லை. ஒருநாள் துண்டைச் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, தனக்குப் பிடித்த சூட்டுக்குத் திருகி வைத்திருக்கிறார். அன்றிலிருந்து அதைத் தொடவே இல்லை. பொத்தானை மணிக்கட்டால் அமுக்கினால் தண்ணீர் வருகிறது, அமுக்கினால் நிற்கிறது. திருகு திறந்திருப்பதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்திருக்கிறார்.

"சொல்லியிருக்கலாமேப்பா."

"சொன்னா உங்கண்ணன் அன்னைக்கே கட்டிலை இறக்கியிருப்பான். அந்தப் பொண்ணு மெஷினைத் தூக்கிட்டு எங்க போவா?"

மணி ஏழேகால். அவர் அண்ணனிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. ஆனால் திருகு திறந்திருந்தால் என் வேலை கெடும், மூடியிருந்தால் அவர் குளிக்க முடியாது. இரண்டுக்கும் ஒரே மருந்து, அந்தக் கலப்புக்குழாயையே மாற்றுவது. திருகு இல்லாமல், நீளக் கைப்பிடி ஒன்று மட்டும் இருப்பது. மேலே தூக்கினால் தண்ணீர், தள்ளினால் சூடு, அமுக்கினால் மூடும். விரலே வேண்டாம், முழங்கை போதும். அதை மாற்றுவது எப்படி என்று வகுப்பில் நான்கு முறை செய்திருக்கிறேன். நான்கு முறையும் ஸ்பானரை நானே பிடித்துச் செய்தேன்.

அண்ணன் அடுக்களையில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தான். அப்பாவும் பின்னால் வந்து நின்றார். நான் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு முதலிலிருந்து சொன்னேன். அடித்த வரி, சின்னத் திருகு, சூடான இரண்டு குழாய், துண்டு. பாதியில் அண்ணன் பேப்பரை மடித்துவிட்டான். எழுந்து மாடிக்குப் போனான். திரும்பி வந்தபோது சட்டை முன்பக்கம் முழுவதும் நனைந்திருந்தது.

"எனக்கே இறுகுது அது" என்றான். பிறகு அப்பாவிடம், "மூணு வாரமா துண்டைச் சுத்தித் திருகிட்டு, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை."

"ஒரு தடவைதான்டா திருகினேன்" என்றார் அப்பா. "அதைத்தான் உன் தங்கச்சி கண்டுபிடிச்சுட்டாளே."

அண்ணி அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். அவள் தோள் குலுங்குவது தெரிந்தது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று நான் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

குழாய்ச் சாமான் கடை ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை உண்டு. பழைய குழாயின் இரண்டு துளைக்கும் நடுவிலுள்ள தூரத்தை மூன்று முறை அளந்துகொண்டு போனேன். புதியது அச்சாகப் பொருந்தியது. இரண்டு வாயிலும், தண்ணீர் பின்னால் திரும்பாதபடி ஒருவழி வால்வும் போட்டேன். இனி யார் பொத்தானை அமுக்கிவிட்டுக் கைப்பிடியை மறந்தாலும் பரவாயில்லை. பத்து மணிக்கு அண்ணனின் நண்பன் கட்டில் தூக்க வந்தான். தூக்குவதற்குக் கட்டில் இல்லை என்று சொல்லாமல், அண்ணன் அவனைத் தையல் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனான். இரண்டு பேருமாகப் பதினோரு பெட்டிகளையும் பிரித்து அலமாரியில் அடுக்கினார்கள்.

அப்பாவைக் கூட்டி வந்து கைப்பிடியைக் காட்டினேன். அவர் முழங்கையால் தூக்கினார். தண்ணீர் என் தலைமேல் கொட்டியது. "வண்டி கியரைவிட லேசா இருக்கே" என்றார். மணிக்கட்டால் அமுக்கினார், நின்றது. மறுபடியும் தூக்கினார். நான் நகர்வதற்கு அவர் காத்திருக்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு நான் அளக்கப் போகவில்லை. படுக்கையிலிருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். குளியலறைக் கதவு, கைப்பிடி, தண்ணீர். கால்மணி நேரம் கழித்து அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். கீழே போனதும் முதல் வண்டி நான்கு நிமிடம் தாமதம் என்று அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன், இப்போ வெந்நீர் ஆறே நொடியில் வருது, வண்டியையும் நோட்டுகிட்ட குடுத்துடலாம் என்றான்.

அடுக்களைக்குப் பக்கத்து அறையில் மெஷின் ஓட ஆரம்பித்தது. சட்டென்று நின்றது.

"நோட்டு, எல்லாப் பெட்டியும் பிரிச்சாச்சு. பாபின் டப்பா மட்டும் காணோம். எங்கடி?"

நான் நோட்டைப் பார்க்காமலே சொன்னேன்.

"ஏழாவது பெட்டி அண்ணி. அடியில பாருங்க, இருக்கும்."

இருந்தது.